கியர்பாக்ஸிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட சத்தம்

ஒருவர் மீது குற்றம் சொல்லப்பட்டால், இன்ன குற்றம் என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவருடைய விளக்கத்தை எழுத்தில் பெற வேண்டும். பெற்றதைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்டனையைப் பற்றி யோசிக்கலாம். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் இதைப் பதினேழு பி என்று சுருக்கமாகச் சொல்வோம். "பெற்றதைப் படிக்க வேண்டும்" என்பது விதியில் கிடையாது. அது நான் சேர்த்துக்கொண்டது. வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தேன். அதில் பாதிக்காலம் யாராவது ஒரு கிராம நிர்வாக அலுவலரையோ வருவாய் ஆய்வாளரையோ விசாரித்துக்கொண்டிருந்தேன். விளக்கம் கேட்காமல் போட்ட எத்தனையோ தண்டனை உத்தரவுகளை மேல்முறையீட்டில் கிழித்திருக்கிறேன். இந்த விதியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு இடது முழங்காலை மாற்றி வேறு முழங்கால் வைத்தார்கள். புது முழங்காலுக்கும் கிளட்சுக்கும் ஒத்துப்போகவில்லை. கனடாவிலிருக்கும் மகன் வந்தபோது, பழைய காரைத் தள்ளிவிட்டு, ஒருவர் ஓட்டி முடித்த ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போனான். கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலையே இல்லை. சனிக்கிழமைதோறும் நானும் என் மனைவியும் தஞ்சாவூரிலிருந்து பேராவூரணிக்குப் போவோம். அங்கே அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். அக்காவுக்கு அவள் தலை வாரிவிடுவாள், நான் பேப்பர் படிப்பேன், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம்.

காரோடு வந்த கையேட்டை நான் முழுவதும் படித்தேன். அப்படிப் படித்த ஒரே வாடிக்கையாளர் நான்தான் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கியர் ஆயிலைச் சாதாரண உபயோகத்தில் மாற்ற வேண்டியதில்லை, தூசி, கடும் வெயில், தண்ணீர் தேங்கிய சாலை ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் மூன்றும் பருவம் தவறாமல் வரும். எனவே மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் ஆயிலை மாற்றச் சொன்னேன்.

மாற்றியவர் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கும் வயது. அந்த சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடமாக வேலை. ஆட்டோமேட்டிக் வண்டி எது வந்தாலும் அவரிடம்தான் போகும். கியர் லீவரின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதைக் கேட்பது போல உட்கார்ந்திருப்பார். ஆயில் சூடாகி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும் என்று கையேடு சொல்வதை அவர் அப்படியே செய்தார். பக்கத்தில் நின்று சரிபார்த்தேன்.

"ரெண்டு மூணு நாளைக்குக் கியர் விழுறது கொஞ்சம் வேற மாதிரி தெரியும் சார். புது ஆயிலு. பயந்துடாதீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் வளைகுடாவுக்குப் போகவிருப்பதைச் சொன்னார். ஜூன் இரண்டாம் தேதி திருச்சியில் ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. அங்கிருக்கும் பெரிய பட்டறை ஒன்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். இந்தக் கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அதில் "இவர் மீது புகார் எதுவும் இல்லை" என்ற வரி இருக்க வேண்டும். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் போய்விட்டார்கள். எல்லாரும் கடைகளில் பெட்டி தூக்குகிறார்கள். "கைத்தொழிலோட போறவன் எங்க வீட்டுல நான்தான் சார் முத ஆளு" என்றார். சொல்லும்போது ஆயில் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பேராவூரணியிலிருந்து திரும்பும்போது சத்தம் வந்தது.

கரகரவென்று, அடியிலிருந்து. என் மனைவிக்கு முதலில் கேட்டது.

"என்னங்க, ஏதோ அரைக்கிற மாதிரி இல்ல?"

"புது ஆயில். ரெண்டு மூணு நாள் இருக்கும்னு சொன்னாரு."

"இது அஞ்சாவது நாளு."

அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, நேரம், வேகம், கியர், சத்தத்தின் தன்மை, குறிப்பு. நின்றுகொண்டு என்ஜினை மட்டும் முடுக்கினால் சத்தம் இல்லை. நாற்பதில் மெல்ல, அறுபதில் பலமாக. பில்லை எடுத்துப் பார்த்தேன். பில்லில் இருந்த ஆயிலின் எண் வேறு, கையேட்டில் இருந்த எண் வேறு. ஒரு கோப்பில் இப்படி ஒரு முரண்பாடு அகப்பட்டால் எனக்கு வரும் உற்சாகத்தை என் கீழ் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். தப்பான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், கியர்பாக்ஸ் அரைபடுகிறது. வழக்கு முடிந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, எழுத்தில் புகார் தயாராகிறது என்று தெரிவித்தேன். மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நம்பர் மாறிடுச்சு சார். பழைய ஆயிலுக்குக் கம்பெனி புது நம்பர் குடுத்துட்டான். ரெண்டும் ஒண்ணுதான். அத விடுங்க. ஒரு அஞ்சு நிமிஷம், ஜாக்கி போட்டு அடியில பாத்துடுறேன்."

"வண்டி இப்ப புகார்ல இருக்கு. நீங்க தொடக் கூடாது."

"நான் தொட்டா என்ன சார் ஆயிடும்?"

"சம்பந்தப்பட்டவரே சான்றைத் தொட்டா அப்புறம் அது என்ன சான்று?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, தொடல. நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன். அறுபதுல போறப்ப நியூட்ரல்ல தள்ளிட்டு உருள விடுங்க. அப்பவும் சத்தம் அப்படியே வந்தா அது கியர்பாக்ஸ் இல்ல சார். சக்கரத்துப் பக்கம்."

"எழுத்துல குடுங்க."

"என்னது?"

"உங்க விளக்கத்த எழுத்துல குடுங்க. புகாரோட சேத்து அனுப்புறேன்."

"சத்தத்த எப்படி சார் எழுதிக் குடுக்குறது?"

உள்ளேயிருந்து என் மனைவி டீயோடு வந்தாள். "குடிங்க தம்பி. இவரு இப்படித்தான். எங்க கல்யாணத்துக்கே ஆட்சேபணை உள்ளவங்க முப்பது நாளுக்குள்ள தெரிவிக்கணும்னு நோட்டீஸ் ஒட்டியிருப்பாரு. எங்க அப்பாதான் அவசரப்பட்டுட்டாங்க."

அவர் டீயைக் குடித்தார். ஜாப் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில், நின்றபடியே, ஆறேழு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் தலையில் "இணைப்பு நான்கு" என்று எழுதிக் கோப்பில் குத்தினேன்.

படிக்கவில்லை. இதைப் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் சொல்ல அதில் எதுவும் இல்லை.

புகார் நான்கு பக்கம், இணைப்புகள் ஐந்து. கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் சர்வீஸ் சென்டர் மேனேஜர் போனில் வந்தார்.

"சார், உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. அந்த ஆள எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா?"

"வேலைய விட்டுத்தான் சார்."

"அவர்கிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

"எதுக்கு சார்? நீங்கதான் எல்லாத்தையும் எழுதிட்டீங்களே. இந்த மாதிரி ஒரு கம்ப்ளைன்ட்ட ஹெட் ஆபீஸ்ல பாத்ததே இல்லையாம். ட்ரெயினிங்ல காட்டப் போறாங்களாம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். போனை வைத்த பிறகு, பதினேழு பி தனியார் கம்பெனிக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டப்படி அது சரியான பேச்சு.

கம்பெனியின் பொறியாளர் வந்து கியர்பாக்ஸைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அதுவரை வண்டியை யாரும் தொடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆனால் சனிக்கிழமைகளை நிறுத்த முடியாது. அக்கா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சத்தத்தோடு போனோம், சத்தத்தோடு வந்தோம்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, சத்தத்தோடு கருகல் வாசமும் சேர்ந்துகொண்டது. ஒரத்தநாடு தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு நான் வழக்கமாகப் போகும் குறுக்குச் சாலையில் இருந்தோம். "எங்கள் வயலில் குழாய் பதிக்காதே" என்று ஊருக்கு ஊர் தட்டி கட்டியிருந்த காலம். அப்படி ஒரு தட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. வேறு வழியில்லாமல் நிறுத்தினேன். கடைக்காரர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். ஜாக்கி போட்டார். மல்லாந்து படுத்து உள்ளே போனார்.

"உளுந்த மிதிச்சு வந்தீங்களா?" அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

அறுவடைக் காலத்தில் அந்தச் சாலை முழுவதும் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்துப் பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தே நெற்று உடைந்து பருப்பு உதிரும். லாரி, பஸ், கார் எல்லாம் அவர்களுக்குச் சம்பளமில்லாத போரடிக்கும் மாடு. ஓரமாக நின்று, வண்டி போனதும் கிளறிவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். மார்ச் முதல் நானும் வாராவாரம் அதன்மீது ஏறிப் போய்க்கொண்டிருந்தேன்.

வளைந்த கத்தி ஒன்றை விட்டு அவர் இழுத்தார். கம்பி போல முறுக்கிக்கொண்ட உளுந்துக் கொடி, சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றிச் சுற்றி, காக்கைக்கூடு அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் தீய்ந்து கறுத்திருந்தது.

"இதான் சார் உங்க சத்தம். வருசா வருசம் இதே வேலதான் எனக்கு."

"ரோட்டுல போடுறது தப்பில்லையா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தப்புதான். களம் இருந்தா ஏன் சார் ரோட்டுக்கு வர்றாங்க? அந்தா தெரியுது பாருங்க, கருவேலங்காடா. அதான் ஊர்க் களம். ரெண்டு தெருவும் அடிச்சுக்குதுன்னு எந்தப் புண்ணியவானோ ஒரு தாசில்தாரு வேலி போட்டுட்டுப் போனாரு. மேலத்தெருக்காரங்க ஆளுக்கொரு சிமெண்டுக் களம் கட்டிக்கிட்டாங்க. காலனிக்காரங்களுக்கு இந்த ரோடுதான். அந்தத் தாசில்தாரு பிள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கட்டும்."

"நல்லாத்தாங்க இருக்காங்க" என்றாள் என் மனைவி. "ஒருத்தன் கனடாவுல இருக்கான்."

"உங்களுக்குத் தெரியுமாம்மா அவர?"

"தெரியும். நாப்பது வருசமா."

கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, ஜாக்கியை இறக்கினார்.

ஊர் எனக்கு முதலிலிருந்தே தெரியும். வாராவாரம் அந்தக் கருவேலங்காட்டைக் கடக்கும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். அங்கே உபரி நிலம் பிரித்துக் கொடுத்தபோது காலனிக்காரர்களுக்கு முதல் முறையாகச் சொந்தக் கதிர் கிடைத்தது. கதிரை அடிக்கக் களத்துக்கு வந்தார்கள். களம் எங்கள் பாட்டன் காலத்துது என்று மேலத்தெரு வந்தது. மண்டைகள் உடைந்தன, ஒரு குடிசை எரிந்தது. அடங்கல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் களம் புறம்போக்கு, ஊர்ப் பொது. அதைச் சொல்லி இரண்டு தெருவுக்கும் திறந்துவிட்டிருக்கலாம். வழக்கு முடியும்வரை இருதரப்பும் நுழையக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். நடுநிலையான உத்தரவு என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு ஆட்சி நான்கு முறை மாறிவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் அதே இடத்தில் மேடை போட்டு, களத்தை மீட்டுத் தருவோம் என்று பேசினார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அங்கிருந்து கிளம்பி அறுபதைத் தொட்டதும் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டி தானாக உருண்டது. எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்தில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அந்தத் தம்பியைத்தான் நினைத்து அழுகிறாள் என்று கேட்காமலே தெரிந்தது.

அன்று வீடு திரும்பியதும் இணைப்பு நான்கின் நகலை எடுத்துப் படித்தேன். "உளுந்து சீசன். சாலையில் ஏறி வந்திருந்தால் ஆக்ஸிலில் கொடி சுற்றியிருக்கலாம். நியூட்ரலில் உருட்டிப் பார்க்கவும். ஐந்து நிமிட வேலை." கீழே கையெழுத்து, தேதி, அவருடைய பணியாளர் எண். என்னுடைய நோட்டை எடுத்தேன். நின்றால் இல்லை, ஓடினால் உண்டு, வேகம் கூடினால் கூடும் என்று என் கையாலேயே இருபது வரி எழுதியிருந்தேன். சத்தம் சக்கரத்தில் இருக்கிறது என்று இருபது முறை எழுதிய நோட்டு அது.

மறுநாள் முத்துப்பேட்டைக்குப் போனோம். அவருடைய வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவருடைய மனைவி சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"உளுந்தா?" என்று அவர் சிரித்தார். "அதானே பாத்தேன். இந்த மாசத்துல வாரத்துக்கு ஒரு வண்டி வரும் சார் அப்படி."

"நான் அத..."

"விடுங்க சார். எழுதிக் குடுத்தேன்ல."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அவருடைய மனைவிதான் கேட்டார். "ஜூன் ரெண்டுக்குள்ள அந்த சர்டிபிகேட் கெடைக்குமாங்க? உங்களுக்கு ஆபீஸ் வெவகாரமெல்லாம் தெரியும்னு சொன்னாங்க."

கிடைக்கும் என்றேன்.

அரசாங்கத்தில் எந்த உத்தரவையும் திரும்பப் பார்க்க ஒரு வழி இருக்கும். மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு, ஒன்றுமே இல்லையென்றால் ஜமாபந்தி நாளில் கலெக்டர் முன்னால் நீட்டலாம். கம்பெனியின் இணையதளத்தில் புகாரைப் பற்றி இரண்டே கேள்விகள்தான் இருந்தன. நடவடிக்கை திருப்தியா, திருப்தி இல்லையா. புகாரே தவறு என்று சொல்ல இடம் இல்லை. திருப்தி இல்லை என்று அழுத்தினேன். இன்னும் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று உடனே ஒரு செய்தி வந்தது.

மேனேஜரைப் பார்த்தேன். "எங்க கையில இல்ல சார், ஹெட் ஆபீஸ்" என்றார். ஏப்ரல் முப்பதாம் தேதி தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். புகாரை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது, அந்த ஊழியருக்குப் புகாரில்லாச் சான்றிதழ் வழங்குங்கள். வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களிலேயே அரைப் பக்கத்தில் முடிந்தது அது ஒன்றுதான். மே பத்தாம் தேதி நினைவூட்டு. பதினெட்டாம் தேதி இரண்டாம் நினைவூட்டு. ஒப்புகை அட்டைகள் மூன்றும் கையெழுத்தாகித் திரும்பி வந்தன. வேறு எதுவும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே நான் கேட்டுக்கு வந்துவிடுவேன். பட்டாவுக்கு மனுக்கொடுத்துவிட்டு என் அலுவலக வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க முடியாது. நான் ஜன்னல் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

ஜூன் இரண்டாம் தேதி நானே அவரைத் திருச்சிக்கு அழைத்துப்போனேன். நடந்ததையெல்லாம் எழுதி, ஓய்வு பெற்ற அதிகாரி என்று போட்டுக் கையெழுத்திட்ட என் கடிதத்தை அவரிடம் கொடுத்திருந்தேன். மாடியில் ஏஜென்ட் அலுவலகம். நான் கீழே வண்டியில் இருந்தேன். பதினைந்து நிமிடத்தில் அவர் படியிறங்கி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"கம்பெனி சர்டிபிகேட்தான் வேணுமாம் சார்."

"என் லெட்டர்?"

"படிச்சாங்க. ரிட்டயர்ட் ஆளுதானே, சீல் எங்கன்னு கேட்டாங்க." கடிதத்தைக் கசங்காமல் மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவ எப்ப எடுப்பாங்கன்னு தெரியாதாம். அதுக்குள்ள எனக்கு நாப்பது ஆயிடும். நாப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்க."

வல்லம் வழியாகத் திரும்பினோம். அங்கே ஒரு மேட்டில் ஏறும்போது அவர் கை தானாக நீண்டு கியர் லீவரின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டி நல்லா இருக்கு சார்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவர் கடலோரத்தில் ஓர் இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் மோட்டார்களைப் பழுது பார்க்கும் வேலை. உப்புத் தண்ணீர் பட்டு விரல்களெல்லாம் வெடித்திருக்கிறது என்று என் மனைவியிடம் போனில் அவருடைய மனைவி சொன்னார். அவர் என்னை நலம் விசாரித்தாராம்.

பிறகு பதில் வந்தது. தடித்த உறை. உள்ளே ஒரு கடிதம். என் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதாகவும், சம்பந்தப்பட்ட ஊழியரின் பதிவேட்டிலிருந்து புகார் நீக்கப்பட்டதாகவும், அவர் கேட்ட சான்றிதழ் இத்துடன் இணைக்கப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது. சான்றிதழில் கம்பெனியின் வட்ட முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. பதினோரு வருட அனுபவம், இவர் மீது புகார் எதுவும் இல்லை. இரண்டிலும் கையெழுத்துக்குக் கீழே மே இருபத்தெட்டாம் தேதி போட்டிருந்தது. கையெழுத்தான கடிதம் எத்தனை மேசைகளில் படுத்துக் கிடந்துவிட்டுத் தபாலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். படுக்கவைத்தவர்களில் நானும் ஒருவன்.

சான்றிதழை அவரிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று என் மனைவி கேட்டாள். நான் பேனாவை எடுத்து, கைப்பழக்கத்தில், உறையின் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன். ஜூலை ஒன்பது.